கணக்கில் 837, சூளையில் 900: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுண்ணாம்புக்கல் எத்தனை டிகிரியில் உடையும் என்று கணக்குப் போட்டால் 837 வருகிறது, சூளையில் இருப்பவர்கள் 900 என்கிறார்கள், நெருப்பையோ 1000-க்கு மேல் வைக்கிறார்கள், எது சரி என்று கேட்டிருந்தாய். மூன்றும் சரிதான். ஏன் என்று பொறுமையாகப் பார்ப்போம்; இது பிடிபட்டால் சூளை வேலையில் பாதி பிடிபட்டுவிடும்.

சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். அதில் ஒரு மோல், அதாவது 100 கிராம், உடைந்தால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். அதற்கு 178.3 கிலோஜூல் வெப்பம் தர வேண்டும். இதுதான் என்தால்பி மாற்றம். என்ட்ரோபி, அதாவது ஆற்றல் எத்தனை வழிகளில் பரவிக் கிடக்கலாம் என்பதன் அளவு, கெல்வினுக்கு 160.6 ஜூல் கூடுகிறது. கூடுவதெல்லாம் வாயுவால்தான்: கல்லுக்கு 92.9, சுட்ட சுண்ணாம்புக்கு 39.8, கார்பன் டை ஆக்சைடுக்கு மட்டும் 213.7. கல்லுக்குள் கட்டுண்டு கிடந்த மூலக்கூறு வெளியே வந்து திரியும்போது, ஆற்றல் பரவிக் கிடக்கக்கூடிய வழிகள் அத்தனை பெருகிவிடுகின்றன.

இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வினைக்கு வெப்பம் கொடுத்த சுற்றுப்புறத்தின் என்ட்ரோபி குறையுமே, அதையும் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து மொத்தம் கூடினால்தான் வினை தானாக நடக்கும். எவ்வளவு குறையும்? கொடுத்த வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் வருவது. 25 டிகிரியில், அதாவது 298 கெல்வினில், 178300-ஐ 298-ஆல் வகுத்தால் 598. அங்கே 598 போய் இங்கே 160.6 வந்தால் மொத்தத்தில் நஷ்டம்; அதனால்தான் சுண்ணாம்புக்கல் மலையாக அப்படியே நிற்கிறது. 1200 கெல்வினில் அதே வெப்பத்தைக் கொடுத்தால் இழப்பு 148.6 மட்டுமே. வரவு 160.6. இப்போது வினை நடக்கும். வினையும் அதேதான், வெப்பமும் அதேதான். வெப்பநிலை ஒன்றுதான் மாறியது. வெப்பம் கொள்ளும் வினைகள் எப்படித் தானாக நடக்கின்றன என்று பதினொன்றாம் வகுப்பிலிருந்து நீ கேட்டுவந்ததற்கு விடை இதில் இருக்கிறது. வினை தானாக நடக்குமா என்று பார்க்கப் பாடத்தில் வரும் கிப்ஸ் ஆற்றல் சூத்திரம் இந்த வரவு செலவையே வேறு வடிவில் எழுதியது, புதிதாக எதையும் சொல்லவில்லை.

வரவும் செலவும் சமமாகும் இடம் 178300 ÷ 160.6 = 1110 கெல்வின், அதாவது 837 டிகிரி. இங்கே வழக்கமாகத் தவறுவது இரண்டு இடத்தில்: என்தால்பி கிலோஜூலிலும் என்ட்ரோபி ஜூலிலும் இருப்பதைக் கவனிக்காமல் வகுப்பது, கெல்வினுக்குப் பதில் செல்சியஸைப் போடுவது. விடை அபத்தமாக வந்தால் முதலில் இவற்றைப் பார்.

பிறகு ஏன் 900? நாம் எடுத்த எண்கள் 25 டிகிரிக்கு உரியவை. சூடேறும்போது இரண்டுமே கொஞ்சம் மாறுகின்றன. கல்லிலிருந்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தை, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை, எட்டுவது ஏறத்தாழ 900 டிகிரியில் என்பது அளந்து கண்டது.

அழுத்தத்தை விட்டுவிடாதே, சூளையில் அதுதான் ஆட்டி வைக்கிறது. வாயு நீர்த்துப் பரவினால் அதன் என்ட்ரோபி இன்னும் கூடும். நம் காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம்தான். அந்த அளவுக்கு நீர்த்தால் 65 ஜூல் கூடுதலாக வரவில் சேர்கிறது. வரவும் செலவும் சமமாகும் இடம் நம் எளிய கணக்கில் 517 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆனால் அந்தச் சூட்டில் வினை நகர்வதே தெரியாது. நடக்கலாம் என்பதற்கும் நடக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. மறுபக்கம், வாயுவை வெளியே இழுக்கும் புகைபோக்கியின் இழுவை குறைந்து வாயு உள்ளேயே தேங்கினால், சுட்ட சுண்ணாம்பு ஆறும்போது அந்த வாயுவையே பிடித்துக்கொண்டு மறுபடி கல்லாகத் தொடங்கும். கல் நன்றாக வெந்தும் சரக்கு மட்டமாக இருந்தால் புகைபோக்கியின் இழுவையைப் பார்க்கச் சொல்.

இனி அந்த 1000. கல் வெளியிலிருந்து உள்நோக்கி வேகும். வெந்த ஓடு நுண்துளைகள் நிறைந்தது, வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே வினை நடக்கும் இடம் 900-ஐ ஒட்டியே நிற்கும், ஏனென்றால் வருகிற வெப்பத்தை எல்லாம் வினையே தின்றுவிடுகிறது: ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 3.18 மெகாஜூல். வெளியே அதைவிடச் சூடு கூடுதலாக இருந்தால்தான் வெப்பம் உள்ளே பாயும். அதற்காக ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது. 1200-ஐத் தாண்டி நெடுநேரம் கிடந்தால் துளைகள் மூடி இறுகிவிடும். அப்படி அதிகம் வெந்த துண்டு பூச்சுக்குள் போய் மாதங்கள் கழித்து நீறி, ஊதி, சுவரைப் பொரித்துத் தள்ளும். கல்லைச் சலித்து ஒரே அளவாகப் போடுவதும் இதற்காகத்தான். கலந்து போட்டால் சிறியது கருகும், பெரியதன் நடு வேகாது.

தண்ணீர் விட்டு நீற்றும்போது மோலுக்கு 65.2 கிலோஜூல் வெளிவரும். சுவரில் பூசியபின் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்து மறுபடி கல்லாகும்போது 113.1. கூட்டிப் பார்: 178.3. சூளை கல்லுக்குக் கொடுத்தது முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் போனது 900 டிகிரியில், வந்தது ஊர்ச் சூட்டில். ஆற்றல் குறையவில்லை, அதை வைத்து இன்னொரு கல்லை மட்டும் வேகவைக்க முடியாது.

நாளை ஒரு சோதனை செய்து பார். தெர்மோஸ் குடுவையில் 25 டிகிரியில் 400 மில்லி தண்ணீர் எடுத்து, 100 கிராம் சுட்ட சுண்ணாம்புப் பொடியைப் போட்டுக் கிளறியபடியே அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறி. தூய சரக்கானால், குடுவை குடிக்கும் வெப்பத்தை விட்டுவிட்டால், கணக்குப்படி 90-ஐத் தாண்ட வேண்டும். நன்றாக வெந்தது சில நிமிடங்களிலேயே 40 டிகிரி ஏறிவிடும். மெதுவாக, ஆனால் ஏறிக்கொண்டே போனால் அதிகம் வெந்தது. சீக்கிரமே ஏறிப் பாதியில் நின்றால் வேகாத கல் கலந்திருக்கிறது. சந்தேகமானால் அடியில் தங்கிய கட்டியைக் கழுவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விடு. நன்றாக நுரைத்தால் உள்ளே இன்னும் கார்பனேட் இருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போடாமல் தொடாதே. தண்ணீரில்தான் பொடியைப் போட வேண்டும், பொடியின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வந்த எண்களை எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா