முதல் கான்கிரீட்டுக்கு முன்னால்

அன்புள்ள கதிர்,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த அட்டவணையும் கிடைத்தன. கடற்கரையில் அணுமின் நிலையம், இரண்டு அலகுகள், ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட், அழுத்தநீர் உலை. இடமும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்கிறாய், மகிழ்ச்சி. நீ கேட்டவற்றுக்கெல்லாம் வருகிறேன். அதற்கு முன் ஒன்று. உலைக் கட்டடத்தின் அடித்தளத்துக்கான முதல் கான்கிரீட்டை 24-ஆம் மாதத்தில் போட்டிருக்கிறாய். அந்த மாதம் விரிவான வடிவமைப்பு 40 சதவீதம்தான் முடிந்திருக்கும் என்றும் அதே தாளில் இருக்கிறது. தயவுசெய்து அந்தத் தேதியைத் தள்ளிவை.

பாதுகாப்புக் கட்டடத்தில் ஒரு சுவரை மட்டும் எடுத்துக்கொள். ஒரு மீட்டருக்கு மேல் கனம். இரு பக்கமும் அடுக்கடுக்காகத் தடித்த கம்பி, நடுவே குறுக்குக் கம்பி. வைப்ரேட்டர் ஊசி இறங்கவே இடம் தேட வேண்டியிருக்கும். குழாயும் கேபிளும் நுழைய வேண்டிய ஸ்லீவ்கள், தாங்கிகளை வெல்டிங் செய்ய வேண்டிய எம்பெட் பிளேட்டுகள் எல்லாம் கான்கிரீட் விழுவதற்கு முன்பே அந்தக் கம்பிக்கூட்டுக்குள் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்லீவ் எங்கே வரும் என்பதைக் குழாயின் பாதை சொல்லும். குழாயின் பாதையைப் பம்பின் முனை இருக்கும் உயரம் சொல்லும். பம்பை யார் செய்து தரப்போகிறார்கள் என்றே முடிவாகவில்லையென்றால் அந்த உயரத்தை யார் சொல்வது? வரைபவர் ஓர் எண்ணை ஊகித்துப் போட்டு, பக்கத்தில் ‘உறுதி செய்யப்பட வேண்டும்’ என்று எழுதிவைப்பார். சுவர் எழும்பிய பிறகு பம்ப் இரண்டு டன் கூடுதல் எடையோடு வந்து இறங்கும். தாங்கியின் சுமை மாறும், எம்பெட் பிளேட் போதாது, நிலநடுக்கக் கணக்கை மறுபடி போட வேண்டும். புதுத் துளைக்குக் கோர் கட்டிங் செய்தால் கம்பி அறுபடும். அறுபட்ட ஒவ்வொரு கம்பிக்கும் கணக்குக் காட்டி ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும். இவ்வளவும் ஒரே ஒரு துளைக்கு. ஓர் அலகில் இப்படி ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு.

பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ 3 அணு உலை இப்படித்தான் சிக்கியது. 2005-இல் வேலை தொடங்கியபோது விரிவான வடிவமைப்பு முடிந்திருக்கவில்லை. அடித்தளக் கான்கிரீட்டில் தண்ணீர் விகிதம் கூடிப்போனது. கடைசியில் அது ஏற்கப்பட்டாலும், விசாரணையிலேயே மாதங்கள் ஓடின. 2009-இல் ஓட வேண்டிய உலை 2023 ஏப்ரலில்தான் முறையான மின்னுற்பத்திக்கு வந்தது. அமெரிக்காவின் வோக்ட்ல் அணுமின் நிலையத்தில் 2012-இல் அடித்தளத்துக்குக் கட்டிய கம்பி, உரிமத்தில் இருந்த வடிவமைப்போடு ஒத்துப்போகவில்லை. கம்பி பலவீனம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காகிதமும் கம்பியும் ஒன்றாக இல்லை. உரிமத்தைத் திருத்திய பிறகே 2013 மார்ச்சில் கான்கிரீட் விழுந்தது.

தாமதித்தால் வட்டி ஏறுமே என்று உன் நிதிக்காரர்கள் சொல்வார்கள். கணக்கை அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டு. 7 சதவீத வட்டியில் பத்து ஆண்டில் கடன் இரட்டிப்பாகும், அது உண்மைதான். ஆனால் வட்டி ஓடுவது செலவழித்த பணத்துக்கு. வரைபட அறையில் ஓராண்டு கூடுதலாக இருந்தால் செலவாவது சில நூறு பொறியாளர்களின் சம்பளம். பெருந்தொகையைக் கட்டுமானத்தில் இறக்கிவிட்டு, சில ஆயிரம் தொழிலாளர்கள் திருத்திய வரைபடத்துக்காகக் காத்திருக்கும் ஓராண்டு எவ்வளவு தின்னும் என்று அவர்களே பார்க்கட்டும். என் கணக்கில், 80 சதவீதத்துக்குக் குறைவான வடிவமைப்போடு தளத்தில் இறங்கக் கூடாது. மீதி இருப்பதும் பாதுகாப்பைச் சாராத பகுதியாக இருக்க வேண்டும்.

அடுத்து, தரைமட்டம். கடல்நீர் பம்புகளுக்கு உயரம் குறைந்தால் மின்சாரம் மிச்சம் என்று கடல்மட்டத்திலிருந்து 6 மீட்டர் போட்டிருக்கிறாய். ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் சுமார் 35 மீட்டர் உயரமிருந்த மேட்டை வெட்டி 10 மீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். பம்புச் செலவும் அதற்கு ஒரு காரணம். 2011-இல் நீர் 14, 15 மீட்டர் மட்டம் வரை ஏறியது. அதே சுனாமியில், நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில் இருந்த ஒனகாவா அணுமின் நிலையம் 14.8 மீட்டரில் கட்டப்பட்டிருந்ததால் தப்பியது. எல்லோரும் அலையின் உயரத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. ஃபுகுஷிமாவில் 2, 4-ஆம் அலகுகளுக்கு ஆளுக்கொன்றாகக் காற்றால் குளிரும் டீசல் ஜெனரேட்டர்கள் நிலவறையில் அல்லாமல் தரைத்தளத்தில் இருந்தன, அவை நனையவில்லை. ஆனால் அவற்றின் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் சுவிட்ச்கியர் நிலவறையில் மூழ்கிவிட்டது. நல்ல ஜெனரேட்டர் இருந்தும் மின்சாரம் போகவில்லை. 6-ஆம் அலகில் ஜெனரேட்டரும் சுவிட்ச்கியரும் இரண்டுமே பிழைத்தன. அந்த ஒரே ஜெனரேட்டர் 5, 6 இரண்டு உலைகளையும் காப்பாற்றியது. ஆகவே ஜெனரேட்டர், எரிபொருள் தொட்டி, சுவிட்ச்கியர், பேட்டரி, கேபிள் பாதை இவ்வளவையும் ஒரே சங்கிலியாக எண்ணி மட்டம் குறி. மேலிருந்து வரும் நீர் மட்டுமல்ல: பிரான்சின் பிளே அணுமின் நிலையத்தில் 1999 டிசம்பர் புயலில் வெள்ளம் நிலத்தடிக் குழாய்ச் சுரங்கங்கள் வழியாகப் புகுந்து பாதுகாப்புப் பம்புகளை மூழ்கடித்தது. மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும் சுரங்கத் துளைகளை அடைக்காவிட்டால் பயனில்லை.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் எஞ்சிய வெப்பம், அதாவது உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளிலிருந்து வந்துகொண்டே இருக்கும் வெப்பம். 3,000 மெகாவாட் வெப்பத்தில் ஓடும் உலையை நிறுத்திய கணத்தில் சுமார் 200 மெகாவாட் மிஞ்சும். ஒரு மணி நேரம் கழித்து 40, ஒரு நாள் கழித்து 15. அந்த 15 மெகாவாட்டே மணிக்கு 20 டன்னுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்கும். மின்சாரம் இல்லாமல் இதை எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை ஒவ்வொரு வடிவமைப்பாளரிடமும் கேள். ஏபி1000 என்ற உலை வடிவமைப்பில் உலையை மூடியிருக்கும் உறைக்கட்டடத்தின் தலையிலேயே தண்ணீர்த் தொட்டி வைத்து 72 மணி நேரம் என்கிறார்கள். மற்றவர்களிடமும் அதே கேள்விக்கு எண்ணாகவே பதில் வாங்கு.

ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்யும் பாதுகாப்பு அமைப்பு இரண்டு வரிசை போதுமா என்று கேட்டாய். நான்கு கேள். ஒன்று விபத்திலேயே உடைந்துபோகலாம், ஒன்று பழுதாகலாம், ஒன்று பராமரிப்பில் இருக்கலாம், ஒன்று மிஞ்சும். ஆனால் நான்கும் ஒரே அறை வழியாகப் போனால் நான்கும் ஒன்றுதான். 1975 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில் கேபிள் துளையில் காற்றுக் கசிகிறதா என்று மெழுகுவர்த்திச் சுடரை வைத்துப் பார்த்தார்கள். அடைப்புக்கு வைத்திருந்த பாலியூரிதேன் நுரை பற்றிக்கொண்டது. சுமார் 1,600 கேபிள்கள் சேதம். மாற்று ஏற்பாடென்று வைத்திருந்தவற்றின் கேபிள்களும் அவற்றில் இருந்தன. தீயைத் தாங்கும் சுவர்கள், தனித்தனிக் கேபிள் பாதைகள், எரியாத அடைப்பு இவை மூன்றும் உன் லேஅவுட்டில் இப்போதே இருக்க வேண்டும். பின்னால் சேர்க்க இடம் கிடைக்காது.

கடல்நீர் எடுப்பு எளிது என்று எழுதியிருந்தாய். 1,000 மெகாவாட் மின்சாரத்துக்குச் சுமார் 2,000 மெகாவாட் வெப்பம், நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சர் வழியாகக் கடலுக்குப் போகும். நீரின் வெப்பம் 10 டிகிரி ஏறலாம் என்றால் நொடிக்கு 50 கனமீட்டர் வேண்டும், ஓர் அலகுக்கே. அவ்வளவு நீரோடு ஜெல்லி மீன் கூட்டமும் வரும். 2011-இல் ஸ்காட்லாந்தின் டார்னஸ், 2013-இல் ஸ்வீடனின் ஓஸ்கர்ஷாம் ஆகிய அணுமின் நிலையங்கள் அதனாலேயே உலையை நிறுத்தின. பாதுகாப்புப் பம்புகளுக்கு எடுப்பு வாயைத் தனியாக வை.

எரிபொருள் இருக்கும் அழுத்தக் கலனுக்கான, எஃகை அழுத்தி உருவாக்கும் பாகங்களுக்கு (ஃபோர்ஜிங்) மட்டும் சீக்கிரமே ஆர்டர் கொடு, அது பல ஆண்டு வேலை. பிரான்சின் ஃபிளமான்வில் 3 உலையில் கலனின் மேல்மூடியிலும் அடிப்பகுதியிலும் கார்பன் கூடுதலாகச் சேர்ந்திருந்தது, பொருத்திய பிறகுதான் தெரியவந்தது. மேல்மூடியைப் பின்னால் மாற்றியே ஆக வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது. உன் ஆட்கள் உலைக்களத்திலேயே மாதிரி வெட்டிப் பார்க்க ஒப்பந்தத்தில் வழி இருக்கட்டும்.

சிறிய உலைகள் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதற்குள் லேஅவுட் வரைபடத்தை அனுப்பு, மட்டங்கள் குறித்த பிரதியாக. சுவிட்ச்கியர் அறை எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
சேகர்