14-ஆம் தேதிக்கு முன்னால்

அன்புள்ள ராசா,

நேற்று நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. சண்டை போட்டதை நினைத்து இல்லை, அது நமக்குப் புதிதா என்ன. உன் குரலை நினைத்துத்தான். கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, முந்தாநாள் ரெண்டு இடத்துல பாடினேன்" என்கிறாய். போன தடவை ஜலதோஷம் என்றாய். அதற்கு முந்தின தடவை ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். காலையில் எழுந்ததும் காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று பேசியபோதே உனக்குத் தொண்டை கட்டியிருந்தது. இன்றோடு ஆறு வாரம்.

நான் வாயைத் திறந்தாலே நீ "சரிம்மா, சரிம்மா" என்று பேச்சை முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி.

நேற்று நீ, அமெரிக்கக் கறுப்பர்களின் புளூஸ் இசையில் மவுத் ஆர்கன் வாசித்த ஒருவரைக் காட்டி ஒன்று சொன்னாய். "குரல் போனாத்தான் என்னம்மா, ஜேம்ஸ் காட்டனுக்குப் போகலயா? அதுக்கப்புறமும் இருபது வருஷம் ஊர் ஊராப் போய் வாசிக்கலயா?" என்றாய். அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நீ அனுப்பும் பாட்டுகளை நான் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன். நல்ல வேலையை விட்டுவிட்டு மவுத் ஆர்கனைத் தூக்கிக்கொண்டு சிகாகோவில் கிளப் கிளப்பாகப் போகிறானே என்ற கோபம். ரிட்டயர் ஆன பிறகு மத்தியான நேரங்களில் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். காட்டனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

அந்த மனிதருடைய அம்மாவைப் பற்றி வரும் இடத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. 1935-இல் மிசிசிப்பியில் டூனிக்கா பக்கம் ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்தவர். அம்மாவும் அப்பாவும் அந்தத் தோட்டத்தில் பாடுபட்டவர்கள். அவருடைய அம்மாவுக்கு மவுத் ஆர்கனில் இரண்டே விஷயம்தான் வரும். கோழி கொக்கரிப்பது ஒன்று, ரயில் போவது ஒன்று. அந்தக் கருவியால் முடிந்தது அவ்வளவுதான் என்றே பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஒருநாள் ரேடியோவில் சன்னி பாய் வில்லியம்சன் மவுத் ஆர்கன் வாசிப்பதைக் கேட்டான். ஆற்றுக்கு அக்கரையில் ஆர்கன்சாவில் ஹெலினா என்ற ஊர். அங்கே 1941-இலிருந்து தினமும் மத்தியானம் 12.15-க்கு ஒரு மாவுக் கம்பெனி தன் மாவை விற்பதற்காகக் கால்மணி நேரம் புளூஸ் நிகழ்ச்சி நடத்தியது. அதைக் கேட்டுக் கேட்டே அந்தப் பிள்ளை சன்னி பாய் வாசிப்பதைச் சுரம் பிசகாமல் பிடித்துவிட்டான்.

ஒன்பது வயதில் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மாமா ஒருவர் கையைப் பிடித்து ஹெலினாவுக்கு அழைத்துப்போய் சன்னி பாய் முன்னால் நிறுத்தினார். ஒன்பது வயதில் நீ சோற்றைப் பிசைந்து கொடுக்காமல் சாப்பிடமாட்டாய். அந்த வயதில் அவன் ஒரு முரட்டு மனிதர் வீட்டில் தங்கி, அவர் வாசிப்பதைப் பார்த்தே கற்றுக்கொண்டான். உட்கார வைத்துச் சொல்லித்தருகிற ஆள் இல்லை அவர். குடித்து ஆடும் இடங்களுக்குள் சின்னப் பிள்ளையை விடமாட்டார்கள் என்பதால் வாசல் படியில் உட்கார்ந்து இவன் வாசிப்பான், உள்ளே அவர் வாசிப்பார். சில ராத்திரி அவரைவிட இவனுக்குக் காசு கூடுதலாகச் சேர்ந்துவிடுமாம்.

அவனுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது சன்னி பாய் குழுவை அப்படியே இவன் கையில் கொடுத்துவிட்டு மில்வாக்கிக்குப் போய்விட்டார். பதினைந்து வயதுப் பையன் சொல்லைப் பெரியவர்கள் கேட்பார்களா? குழு கலைந்தது. 1954 கடைசியில் சிகாகோவின் பெரிய புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் வந்து கூட்டிக்கொண்டு போனார். அதற்கப்புறம் 12 வருஷம் அவருக்குப் பின்னால் நின்று வாசித்தார். முதல் சில வருஷம், அந்தக் குழுவில் முன்னால் மவுத் ஆர்கன் வாசித்த லிட்டில் வால்டர் வாசித்துவைத்ததை அப்படியே வாசிக்க வேண்டியிருந்தது. மேடையில் இவர் வாசிப்பார், ரெக்கார்டிங் என்றால் கம்பெனி லிட்டில் வால்டரையே கூப்பிட்டுக்கொள்ளும். பொறுத்துக்கொண்டார். 1960-இல் நியூபோர்ட் இசை விழாவில் எடுத்த படத்தை நீ அனுப்பினாயே, அதில் மடி வாட்டர்ஸ் பாட்டுக்கு நடுவில் காட்டனைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார். அதை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பெற்றவர்கள் இல்லாத பிள்ளையை ஒரு பெரியவர் அணைத்துக்கொண்டு ஆடுகிறார். எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

எனக்கு இந்த இசை எங்கே பிடிபட்டது என்று சொன்னால் ஆச்சரியப்படுவாய். நான் நர்சாக இருந்த வார்டில்தான்.

நீ ஒருநாள் வீடியோவில் விளக்கினாய். புளூஸ் வாசிக்கிறவர்கள் சி சுருதி மவுத் ஆர்கனை எடுத்து ஜி சுருதியில் வாசிப்பார்கள், ஏனென்றால் ஜி-க்கு வேண்டிய முக்கியமான சுரங்கள் பெரும்பாலும் மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும் என்றாய். இரண்டாம் துளையை இழுத்தால் ஆதார சுரம். மூன்றாம் துளையை இழுத்து, நாக்கையும் தொண்டையையும் தாழ்த்தி அந்தச் சுரத்தை வளைத்தால் அழுகை மாதிரி ஒன்று வரும். ஊதினால் அது வராது, இழுத்தால்தான் வரும். அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் மூன்று பந்துக் கருவி ஞாபகம் வந்தது. ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு நுரையீரல் சுருங்காமல் இருக்க அதைக் கொடுப்போம். எல்லோரும் கையில் வாங்கியதும் ஊதுவார்கள். "ஊதாதீங்கய்யா, உறிஞ்சுங்க. உள்ள இழுங்க" என்று 19 வருஷம் சொல்லியிருக்கிறேன். முதல்நாள் ஒரு பந்துகூட அசையாது. வலியில் கண்ணில் தண்ணீர் வரும். மூன்றாம் நாள் இரண்டு பந்து மேலே ஏறி நிற்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். மூச்சை இழுப்பதுதான் சிரமம், விடுவது தானாக நடக்கும். சிரமமான பக்கத்தில் இந்த இசையை வைத்திருக்கிறார்களே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அமெரிக்காவில் நுரையீரல் நோயாளிகளுக்கு மவுத் ஆர்கனையே பயிற்சிக்குக் கொடுக்கிறார்களாம். அதையும் படித்தேன்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வார்டுக்கு ஒரு வில்லுப்பாட்டுக்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சித்திரை, வைகாசி கோயில் கொடைக் காலத்தில் ராத்திரி முழுக்கப் பாடுகிறவர். குரல் கரகரப்பு பங்குனியிலேயே வந்துவிட்டது. கொடை முடியட்டும், கொடை முடியட்டும் என்று சுக்குக் கஷாயமும் பனங்கற்கண்டுமாகத் தள்ளிவிட்டு ஆவணியில் வந்தார். டாக்டர் அவர் நாக்கைத் துணியால் பிடித்துக்கொள்ள, நான் ஸ்பிரிட் விளக்கில் அந்தச் சின்ன வட்டக் கண்ணாடியைச் சூடாக்கிக் கொடுத்தேன். சூடாக்காவிட்டால் மூச்சு பட்டு மங்கிவிடும். "ஈ-ன்னு சொல்லுங்க" என்றார் டாக்டர். அவர் ஈ என்பதற்குப் பதிலாகச் சுதி பிடிக்கிற மாதிரி நீளமாக இழுத்தார். டாக்டர் அதே கண்ணாடியில் இரண்டாம் தடவையும் பார்த்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

குரல்வளை முழுவதையும் எடுக்க வேண்டியதாயிற்று. கழுத்தில் துளை போட்டு அதன் வழியாகத்தான் மூச்சு. ராசா, இதைக் கவனமாகப் படி. குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டால் நுரையீரல் காற்று வாய்க்கே வராது. பேச்சு மட்டும் போவதில்லை. மெழுகுவத்தியை ஊதி அணைக்க முடியாது. சூடான சோற்றை ஊதி ஆற்ற முடியாது. மவுத் ஆர்கனை வாயில் வைத்தால் உள்ளேயும் இழுக்க முடியாது, வெளியேயும் விட முடியாது. அவர் கட்டில் கம்பியில் இரண்டு விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருப்பார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் ஒருநாள்கூட அதைக் குறை சொல்லவில்லை.

காட்டனுக்குத் தொண்டைப் புற்று வந்தது 1990-களின் நடுவில். குரல் போனாலும் மூச்சு வாய்வழியாகவே வந்தது. அதனால்தான் 1996-இல் கரகரத்த குரலோடு ஒரு ஆல்பம் போட்டு அதற்குக் கிராமி விருது வாங்க முடிந்தது. மேடையில் குட்டிக்கரணம் போட்டவர் நாற்காலியில் உட்கார்ந்தார், மற்றவர்களைப் பாடவிட்டுத் தான் வாசித்தார். 2013-இல் வந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டைத் தானே பாடினார். பிறந்த தோட்டத்தின் பெயர்தான் அந்தப் பாட்டுக்கு. அதைக் கேட்டு நான் அழுதேன். 81 வயது வரை இருந்தார். நீ சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் "குரல் போனாலும் வாசிப்பு இருக்கும்" என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. எப்போது கண்டுபிடித்தோம், எவ்வளவு பரவியிருந்தது என்பதைப் பொறுத்தது அது.

உனக்கு அந்த நோய் என்று நான் சொல்லவில்லை. பாடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் வருவது குரல் நாணில் சின்னக் கணு, இல்லையென்றால் வீக்கம். பேசாமல் இருந்து, பயிற்சி செய்தாலே பல பேருக்குச் சரியாகிவிடும். அப்படியே இருக்கட்டும். ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு இருந்தால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும், வயது முப்பதோ அறுபதோ. இதைத்தான் வருகிற எல்லோரிடமும் சொல்லி அனுப்பினேன். என் பிள்ளையிடம் சொல்லாமல் விடுவேனா?

நீ ஏன் மறைக்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். தும்மினால்கூட "எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கு வா" என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தேன். என் தப்புதான். இனிமேல் அந்தப் பேச்சு என் வாயில் வராது. 14-ஆம் தேதி உன் குழுவோடு வேனில் கிளம்பு. மெம்பிஸ் போ, கிளார்க்ஸ்டேல் போ. அங்கே ரிவர்சைடு ஹோட்டல் என்ற பழைய கட்டிடத்தைப் பார்த்தால் எனக்காக ஒரு நிமிஷம் நில். முன்னால் அது கறுப்பர்களுக்கான ஆஸ்பத்திரி. 1937-இல் ஹைவே 61-இல் கார் விபத்தில் அடிபட்ட புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் உயிர் விட்டது அங்கேதான். பிறகு, வேறு எங்கும் அறை கிடைக்காத கறுப்புப் பாடகர்கள் தங்கும் ஹோட்டலாயிற்று. அந்த வார்டுகளில் ராத்திரி டியூட்டி பார்த்த நர்சுகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு தொண்டை டாக்டரிடம் போ. இப்போது கண்ணாடி, விளக்கு எல்லாம் கிடையாது. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுச் சில நிமிஷத்தில் பார்த்துவிடுவார்கள். இன்சூரன்ஸ் இல்லை என்பதால் தள்ளிப்போடுகிறாய் என்றால், என் பென்ஷன் அரியர் வந்து பேங்கில் சும்மா கிடக்கிறது. எவ்வளவு என்று மட்டும் சொல்.

அதுவரைக்கும் பாடுவதை உன் குழுவில் இருக்கும் அந்தப் பெரியவரிடம் விட்டுவிட்டு நீ வாசி. அவர் கோபித்துக்கொள்ளமாட்டார், 40 வருஷம் பாடியவருக்குத் தொண்டை என்றால் என்னவென்று தெரியாதா. கிசுகிசுவென்று பேசாதே, பல பேருக்கு அதுவும் தொண்டையை இறுக்கும். கனைக்காதே, தண்ணீர் குடி. ராத்திரி இரண்டு மணிக்குக் கச்சேரி முடிந்து வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுக்காதே, அமிலம் மேலே ஏறித் தொண்டையை அரிக்கும். தெற்கே சில மாநிலங்களில் பார்களுக்குள் இன்னும் புகைக்கிறார்களாம். வாசித்து முடித்ததும் வெளியே காற்றாட வந்து நில். அப்புறம் அந்த மரக்கட்டை வைத்த பழைய மவுத் ஆர்கன், எச்சில் பட்டு ஊறி மரம் வீங்கி உதட்டைக் கீறுகிறது என்றாயே, அதை மாற்று. வாயில் புண்ணோடு வாசிக்காதே.

டாக்டர் எடுக்கும் படத்தை எனக்கு அனுப்பு. ரிப்போர்ட்டை நீ உன் வார்த்தையில் சொல்ல வேண்டாம், நீ எதையாவது மழுப்புவாய். படத்தையே அனுப்பு. எத்தனையோ தொண்டைகளைப் பார்த்த கண் இது, எனக்குத் தெரியும். இங்கே எத்தனை மணியாக இருந்தாலும் பரவாயில்லை, போனைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா