கிரம்பிள் பற்றி நித்யாவிடம் கேட்டுச் சொல்

அன்புள்ள கார்த்தி,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை, முட்டிவலிதான் அப்படியே இருக்கிறது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டதில் பெரம்பூர் முழுக்க ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போகிறது. வேறு விசேஷம் ஒன்றுமில்லை. ஃபோனில் பேசினால் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். விஷயம் வேறொன்றும் இல்லை, கிரம்பிள் பற்றித்தான், நறுக்கின பழத்தின் மேல் வெண்ணெய் தேய்த்த மாவை உதிரியாகத் தூவி ஓவனில் வைப்பாளே நித்யா, அந்த இங்கிலாந்து இனிப்பு. நித்யாவிடம் சில சந்தேகம் கேட்க வேண்டியிருக்கிறது. நீ படித்துவிட்டு அவளிடமும் கொடு.

இந்த வருஷம் மாம்பழம் நன்றாக வந்திருக்கிறது. பங்கனபள்ளியைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது, கொட்டையை உனக்கென்று எடுத்து வைக்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் கிரம்பிளுக்கு அது சரிப்படாது. ஓவனில் வைத்தால் சாறாக ஓடிவிடும், மேலே தூவின மாவு அடிப்பக்கம் ஊறிக் களியாகிவிடும். அதனால் மார்க்கெட்டில் நம் பழக்காரம்மாவிடம் கிளிமூக்கு கேட்டு வாங்கினேன். ஒரு பக்கம் மஞ்சள் ஏறி இன்னொரு பக்கம் பச்சை மாறாமல் இருக்கும் பார், அந்தப் பக்குவம். அழுத்தினால் லேசாகத்தான் அமுங்க வேண்டும். "இதை யாரும்மா வாங்குவா, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றாள். எனக்கு அந்தப் புளிப்புதான் வேண்டியிருந்தது.

அந்தப் புளிப்பைச் சொல்லிக் கொடுத்ததே நித்யாதான். நாங்கள் அங்கே வந்திருந்தபோது என்னை நாட்டிங்ஹாமிலிருந்து பஸ்ஸில் சவுத்வெல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனாள், ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அன்றைக்கும் ஆபீஸ். வழியெல்லாம் அந்த ஊர் ஆப்பிள் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். 1809-இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற ஒரு பெண் வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் விதை போட்டாளாம். அப்புறம் அந்த வீட்டை பிராம்லி என்கிற கசாப்புக் கடைக்காரர் வாங்கினார். 1856-இல் மெரிவெதர் என்ற நர்சரிக்காரப் பையன் வந்து ஒட்டுக் கட்டக் கிளை கேட்டபோது, என் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று பிராம்லி சொல்லிவிட்டார். இன்றைக்கு அந்த நாட்டில் சமையலுக்கென்றே விற்கிற புளிப்பு ஆப்பிளுக்கு அவர் பெயர்தான். "நட்டது ஒருத்தி அத்தை, பெயர் போனது இன்னொருத்தருக்கு" என்றாள். அதைச் சொல்லிவிட்டு வெகு நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கதை நன்றாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். இப்போது அடிக்கடி அதுதான் மனசில் வருகிறது.

சரி, செய்முறைக்கு வருகிறேன். அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தில் மாவு 200 கிராம், வெண்ணெய் 100, சர்க்கரை 100 என்று இருக்கிறது. வெண்ணெய் சில்லென்று கட்டியாக இருக்க வேண்டும் என்று கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாள். அந்த ஊர்க் குளிருக்கு அது சரி. இங்கே கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஆவின் வெண்ணெய் மேடையில் வைத்து மாவு டப்பாவைத் திறப்பதற்குள் பளபளவென்று வியர்க்கிறது. அது உருகி மாவில் கலந்துவிட்டால் உதிரி உதிரியாக வராது, பிசைந்த மாவாகி ஓவனில் ஒரே பாளமாக இறுகிவிடும். அதனால் வெண்ணெயை ஃபிரீசரில் வைத்து, கேரட் துருவுகிற துருவலில் மாவின் மேலேயே துருவினேன். மாவையும் பாத்திரத்தோடு கொஞ்ச நேரம் ஃபிரீசரில் வைத்திருந்தேன். படுக்கையறையில் ஏசியைப் போட்டு, தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்து செய்தேன். அப்பா கதவைத் திறந்து திறந்து பார்த்தார், குளிர் போகுது என்று சத்தம் போட்டேன்.

நித்யா செய்யும்போது பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றி விட்டுக்கொள்வாள். உள்ளங்கை மாவில் படவே படாது, விரல் நுனி மட்டும்தான். மாவை அள்ளி மேலே தூக்கி, கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துக் கீழே விழவிடுவாள். நடுவில் பாத்திரத்தை ஒரு குலுக்குக் குலுக்குவாள், பெரிய கட்டியெல்லாம் மேலே வந்து நிற்கும், அதை மட்டும் எடுத்து மறுபடி தேய்ப்பாள். நம் புட்டு மாவு பதம்தான், பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும் என்று நான் சொன்னதும், "அய்யோ அத்தை, எனக்கு இப்படிச் சொல்லத் தெரியாமல் போச்சே" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். உன்னை நாங்கள் எவ்வளவு பெருமையாக வளர்த்தோமோ அதே அளவு பெருமை எனக்கு அன்றைக்கு அந்தப் பெண்ணைப் பார்த்தும் இருந்தது கார்த்தி. இதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

மாம்பழத்தைத் தோல் சீவி விரல்மொத்தத் துண்டாக நறுக்கி, ஒரு கரண்டி சோள மாவும் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரையும் தூவிப் புரட்டினேன். சோள மாவு போட்டால் சாறு ஓடாமல் கெட்டிப்படும். பட்டைத்தூள் ஒரு சிட்டிகை, ஏலக்காய் போடவில்லை, போட்டால் கேசரி வாசனை வந்துவிடும். மேலே மாவைத் தூவும்போது அமுக்கக் கூடாது, விழுந்தபடியே விட்டுவிட வேண்டும், அமுக்கினால் ஆவி வெளியே வர இடமில்லாமல் அடியில் ஈரமாகிவிடும். 180 டிகிரியில் 40 நிமிஷம். மேலே சிவந்தால் மட்டும் போதாது, ஓரத்தில் பழச்சாறு கெட்டியாகக் கொதித்து மேலே வர வேண்டும், அதுதான் வெந்ததற்கு அடையாளம். நேற்று வந்தது. தட்டின் ஓரத்தில் ஒரு இடத்தில் சாறு பொங்கி மாவோடு சேர்ந்து கருப்பட்டி மாதிரி நிறமாகிப் பிடித்துக்கொண்டிருந்தது, அதைச் சுரண்டி அப்பா தின்றார். அவருக்கு ஒரு சின்னக் கிண்ணம்தான் கொடுத்தேன். மீதியை எதிர்வீட்டிலும் மாடியிலும் கொடுத்தேன். மாடிப் பெண் கடையில் வாங்கினீர்களா என்று கேட்டாள். மருமகள் சொல்லிக் கொடுத்தது என்றேன்.

படம் எடுத்து நித்யாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு டிக் நீலமாகிவிட்டது. பதில் வரவில்லை. வேலையாக இருப்பாள்.

அவளிடம் கேட்க வேண்டியது இதுதான். ஓட்ஸ் போடலாமா? அமெரிக்காவில் ஓட்ஸ் போட்டுச் செய்வதற்குக் கிரிஸ்ப் என்று பெயர், அது மொறுமொறுவென்று இருக்கும் என்று அவள் சொன்ன ஞாபகம். இந்த ஊர்க் காற்றுக்கு மறுநாளே மேல்மாவு நமுத்துவிடுகிறது, ஓட்ஸ் போட்டால் தாங்குமா? மீந்ததைத் தோசைக்கல்லில் சூடு பண்ணலாமா, ஓவனிலேயே வைக்க வேண்டுமா? கஸ்டர்டுக்குச் சர்க்கரை எவ்வளவு? கஸ்டர்டு பவுடர் கதையும் அவள் சொன்னதுதான். பேர்டு என்று ஒரு மருந்துக் கடைக்காரர், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்பதற்காக 1837-இல் சோள மாவில் முட்டையில்லாமல் கஸ்டர்டு செய்து கொடுத்தாராம். அதனால்தான் வெள்ளிக்கிழமையிலும் எனக்குக் கவலையில்லை. ஒரு மனுஷன் பெண்டாட்டிக்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறான் பார். நேரம் கிடைக்கவில்லை என்று அவன் சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி சீரியலை மட்டும் பாலில் போட்டுச் சாப்பிட்டுப் படுக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசும்போது பின்னால் அடுப்பு மேடை தெரிந்தது. நித்யா பெயர் ஒட்டி வரிசையாக வைத்திருந்த மசாலா பாட்டில் எதுவும் அங்கே இல்லை. இடம் மாற்றியிருப்பாள். நான் கேட்கவில்லை. அதற்கு முந்தின வாரம் தூங்குகிறாள் என்றாய், அதற்கும் முன்னால் குளிக்கிறாள், அதற்கும் முன்னால் ஃபிரெண்ட் வீட்டுக்குப் போயிருக்கிறாள். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

வில்லிவாக்கத்தில் ஒரு கல்யாணத்தில் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "கார்த்தி பேசுறாரா?" என்று கேட்டார். பேசுகிறான் என்றேன். "நித்யா பேசுறாளா?" என்று நான் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிட்டார்கள், இரண்டு பேரும் எழுந்து போய்விட்டோம். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. பெற்றவள் நான், எனக்குத் தெரியாதது ஊருக்குத் தெரிந்தால் எப்படி இருக்கும் என்று நீ யோசித்தாயா?

2015 வெள்ளத்தில் லைன் செத்துப் போய் நீ எங்கே இருக்கிறாய் என்றே தெரியாமல் இருந்தோமே, அப்போதுகூட எனக்கு இப்படி இல்லை. அப்போது லைன் வந்ததும் நீ பேசுவாய் என்று தெரியும். இப்போது வாராவாரம் பேசுகிறாய், ஆனால் ஒன்றும் சொல்வதில்லை. சின்ன வயசிலிருந்தே நீ அப்படித்தான், பத்தாவதில் நடந்ததை நாங்கள் வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அப்பாவும் அதே ரகம். ஐ.சி.எஃப்.பில் யூனியன் பிரச்சினை வந்தபோது வாரக்கணக்கில் என்னிடம் மூச்சு விடவில்லை, தினமும் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டு வந்தார். நீ நல்ல பிள்ளைதான். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றதும் ஒரு வார்த்தை பேசாமல் டிக்கெட் போட்டு வந்து நின்றாய், ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய், அதை நான் எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் பக்கத்தில் இருப்பவளிடம் பேசாமல் இருந்தால், டிக்கெட் போட்டு வருவதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெரியம்மா வீட்டுக் கல்யாணம் ஆவணியில். பத்திரிகை அடிக்கப் போகிறார்கள். உங்கள் இரண்டு பேர் பெயரையும் போடச் சொல்லியிருக்கிறேன். பெரியம்மா "கேட்டுக்கொண்டு போடலாமா" என்றார். கேட்க என்ன இருக்கிறது, போடுங்கள் என்றேன். நித்யாவுக்கு அந்தப் பச்சைப் பட்டுக்கு பிளவுஸ் அளவு வேண்டும், அதையும் அனுப்பச் சொல்.

அந்த ஊரில் சண்டைக் காலத்தில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் போட்டார்கள், 1940-இல் தொடங்கி 1954 வரைக்கும் ரேஷன் இருந்தது, பழத்தை மாவுக்குள் மூடிச் சுடுகிற 'பை' செய்கிற அளவுக்கு வெண்ணெயும் மாவும் கையில் இல்லாததால்தான் இருப்பதை உதிர்த்துப் பழத்தின் மேல் தூவிக் கிரம்பிளாகச் செய்து சாப்பிட்டார்கள் என்று அவள் சொன்னபோது, நானும் ரேஷன் கடை வரிசையில் நின்றவள்தானே, சட்டென்று பிடித்துக்கொண்டது. இருப்பதை வைத்துக்கொண்டு செய்யலாம் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெண் கோபத்தில் எழுந்து போகிறவள் இல்லை. ஏதோ சொல்லிச் சொல்லிப் பார்த்து முடியாமல் போயிருக்கிறாள் என்றால், நீதான் முதலில் கூப்பிட வேண்டும். அவள் வேலை, அவள் ஊர், அவள் அப்பா அம்மா எல்லாவற்றையும் விட்டுவிட்டு உனக்காக அங்கே வந்தவள். இதற்கு மேல் நான் கேட்க மாட்டேன். அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டியது இருந்தால் முதலில் என்னிடம் சொல், நான் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன். ஒன்றும் இல்லை என்றால் அதையும் சொல். அம்மாவுக்கு எதுவானாலும் தாங்கும், தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

கிளிமூக்கு இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் கிடைக்கும், ஆகஸ்டில் சிம்லா ஆப்பிள் வந்தால் அதில் செய்து பார்க்கிறேன், அது இனிப்பு என்பதால் எலுமிச்சை பிழிய வேண்டியிருக்கும், எவ்வளவு என்று கேள். மசாலா பாட்டில் தீர்ந்திருந்தால் சாம்பார்ப் பொடியும் ரசப்பொடியும் அரைத்துப் பார்சலில் அனுப்புகிறேன். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று எழுது. ஒரு வீட்டுக்கா, இரண்டு வீட்டுக்கா என்றும் எழுது, இரண்டுக்கும் அரைப்பதில் எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை.

வேளைக்குச் சாப்பிடு. ஓட்ஸ் விஷயத்தை மறக்காமல் கேள். நீ கேட்டு எழுத வேண்டாம், அவளையே எழுதச் சொல்.

அம்மா