கைக்குழந்தைக்குப் படப்புத்தகம் வாங்கும்போது

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மழலையர் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போக வரும்போது, வீட்டில் இருக்கும் கைக்குழந்தைக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று பலர் கேட்கிறீர்கள். பேசத் தெரியாத குழந்தைக்குப் புத்தகம் எதற்கு என்று தயங்குபவர்களும் உண்டு. தயங்க வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், பிறந்ததிலிருந்தே வாசித்துக் காட்டச் சொல்லி 2014-இல் பரிந்துரைத்தது. குழந்தைக்கு அப்போது வேண்டியது கதை அல்ல, உங்கள் குரல்தான்.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது உங்கள் முகம் இருக்கும் தூரம் அது. புத்தகத்தையும் அங்கேயே பிடியுங்கள். முதல் சில மாதங்களுக்குக் கறுப்பு வெள்ளையில் தடித்த கோடுகள், பெரிய வட்டங்கள், மனித முகங்கள் உள்ள படங்கள் போதும். வெளிர் நிறத்தில் நுணுக்கமாக வரைந்தவை நம் கண்ணுக்குத்தான் அழகு.

ஆறேழு மாதத்தில் எல்லாம் வாய்க்குப் போகும். அதைத் தடுக்காதீர்கள், அதற்கேற்ற புத்தகத்தை வாங்குங்கள். முனை மழுங்கிய கெட்டி அட்டைப் புத்தகம் அல்லது துவைக்கக்கூடிய துணிப் புத்தகம் நல்லது. ஒட்டிய மணிகள், பிய்ந்துவரும் துண்டுகள், சிறிய பேட்டரி உள்ளவை வேண்டவே வேண்டாம். அவை தொண்டைக்குள் போனால் பெரிய ஆபத்து.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 9 மாதக் குழந்தை படத்தில் இருக்கும் பந்தைக் கையால் எடுக்கப் பார்க்கும். ஒன்றரை வயதில் அதையே விரலால் சுட்டிக்காட்டும். படம் வேறு, பொருள் வேறு என்பதை அது அந்த இடைவெளியில்தான் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறது. அதனால் ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள், சுற்றிலும் வெற்றிடம், நிஜத்தை ஒத்த படம் என்று தேர்ந்தெடுங்கள். தினமும் பார்க்கும் கரண்டி, செருப்பு, நாய்க்குட்டி, அழும் குழந்தை, சிரிக்கும் குழந்தை. படத்தில் கரண்டியைப் பார்த்ததும் சமையலறையிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுங்கள். எந்த விலையுயர்ந்த புத்தகமும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

பொத்தானை அழுத்தினால் பாடும் புத்தகங்களை நான் பரிந்துரைப்பதில்லை. குழந்தையின் கவனம் பொத்தானிலேயே நின்றுவிடுகிறது, நீங்கள் பேச வேண்டிய இடத்தை இயந்திரம் பிடித்துக்கொள்கிறது. படத்தை மூடியிருக்கும், திறந்து பார்க்கும் மடிப்புகள் இருக்கலாம், ஆனால் பக்கத்துக்கு ஒன்று போதும்.

இரண்டு வயதை நெருங்கும்போது சிறு கதைகள் எடுபடும். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதையாக, ஓசை நயத்தோடு இருந்தால் குழந்தையே கடைசிச் சொல்லை முந்திச் சொல்லும். அப்புறம், ஒரே புத்தகத்தை மறுபடியும் கேட்டு அடம்பிடித்தால் சலிக்காமல் வாசியுங்கள். மறுபடி கேட்கும்போதுதான் புதிய சொற்கள் மனதில் பதிகின்றன. நடுவில் எழுந்து ஓடினால் அன்றைக்கு அவ்வளவுதான், மூடிவிடுங்கள்.

நிறைய வாங்க வேண்டியதில்லை. மழலையர் வகுப்பு அலமாரியில் அட்டைப் புத்தகங்கள் இருக்கின்றன. கைக்குழந்தை உள்ள பெற்றோர், வகுப்பாசிரியரிடம் சொல்லி வாரம் ஒன்று எடுத்துச் செல்லலாம். பல் பட்ட தடம் இருந்தாலும் பரவாயில்லை, துடைத்துத் திருப்பிக் கொடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்