விழுவது தவறில்லை, பந்தோடு எழுவதுதான் தவறு

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் பணி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை. உச்சிப்புளியில் இருக்கிறேன். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு பள்ளி மைதானத்தில் மாணவியர் ஆட்டம் பார்த்தேன். ஆட்டம் முடியும் நேரம், ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். யார் கையிலும் நிற்காமல் ஓடிய பந்தின் மேல் ஒரு பெண் பாய்ந்து விழுந்தாள். சிமெண்ட் தரை முழுக்கக் கச்சான் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல். பந்தைக் கட்டிப்பிடித்தபடியே கொஞ்ச தூரம் சறுக்கிப் போனாள். முழங்கையில் தோல் உரிந்தும் பந்தை விடவில்லை. உடனே விசில். நடுவர் இரண்டு முஷ்டிகளையும் சுற்றிக் காட்டி ‘டிராவலிங்’ (பந்தைக் கையில் வைத்தபடி விதியை மீறி நகர்வது) என்று பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட்டார்.

அது டிராவலிங்கே இல்லை. நம் நாட்டில் ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி. அதன் 25-ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. பந்தைப் பிடித்தபடி விழலாம், விழுந்த வேகத்தில் சறுக்கலாம். தரையில் படுத்தோ உட்கார்ந்தோ இருக்கும்போது பந்தைக் கைப்பற்றலாம். அதன் பிறகு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு உருண்டாலோ, எழுந்து நிற்க முயன்றாலோதான் டிராவலிங். அதே ஆட்டத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி உட்கார்ந்த இடத்தில் பந்தைப் பிடித்து, அப்படியே எழுந்து நின்று பாஸ் கொடுத்தாள். அதற்கு விசில் வரவில்லை. இரண்டு தீர்ப்பும் தலைகீழ்.

குழப்பம் வர ஒரு காரணம் உண்டு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதியில் பந்தைப் பிடித்தபடி விழுந்தாலே டிராவலிங். பிள்ளைகளும் பெரியவர்களும் போனில் பார்ப்பது பெரும்பாலும் அந்த நாட்டு வீடியோக்கள். அங்குள்ள தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.வில் வீரர்கள் தரையில் கிடந்தபடியே டைம்-அவுட் (ஆட்டத்தில் சிறு இடைவேளை) கேட்பதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளும் கையைக் காட்டுகிறார்கள். ஃபிபா ஆட்டத்தில் ஆடுபவர் டைம்-அவுட் கேட்க முடியாது, பயிற்சியாளர்தான் கேட்க வேண்டும்.

சரி, விழுந்த பிள்ளை என்னதான் செய்வது? பாஸ் கொடுக்கலாம், படுத்தபடியே கூடைக்கு எறியலாம். டிரிபிள், அதாவது பந்தைத் தரையில் தட்டி ஆடும் வாய்ப்பு, இன்னும் பாக்கி இருந்தால் தரையில் இருந்தபடியே பந்தைத் தட்டத் தொடங்கி, தட்டிக்கொண்டே எழலாம். இது பலருக்குத் தெரியவே தெரியாது. மாலை நேரத்தில் என்னிடம் பழக வரும் பெண்களை உட்கார வைத்து, பந்தை உருட்டிவிட்டு, தட்டிக்கொண்டே எழச் சொல்வேன். முதலில் தடுமாறுவார்கள், அப்புறம் தானாகப் படிந்துவிடும். பந்தை அணைத்துக்கொண்டு படுத்தே கிடக்கவும் முடியாது. எதிராளி ஒரு மீட்டருக்குள் நின்று மறித்தால் 5 விநாடிக்குள் பந்து கையை விட்டுப் போக வேண்டும். மேலே வந்து விழுந்து அமுக்கினால் அது எதிராளியின் ஃபவுல். இதையும் நடுவர்கள் கண்டுகொள்வதில்லை.

எனக்கு மனம் பொறுக்காதது இதுதான்: துணிந்து தரையில் பாய்கிற பிள்ளைக்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த முறை அவள் பாய மாட்டாள். பக்கத்தில் உருளும் பந்தை நின்று வேடிக்கை பார்ப்பாள்.

குறுவட்டப் போட்டிகள் தொடங்கும் முன் நடுவராக வரும் ஆசிரியர்களை ஒரு அரை மணி நேரம் உட்கார வைத்து இந்த ஒரு விதியையாவது தரையில் செய்து காட்ட வேண்டும். விதிகளைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பிரதி கொடுத்தால் இன்னும் நல்லது. ஆட்டத்துக்கு முன் மைதானத்து மணலையும் கூட்டித் தள்ளச் சொல்லுங்கள். சறுக்குவதை விதி அனுமதிக்கிறது என்பதற்காகப் பிள்ளைகளின் கை கால் உரிய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
உச்சிப்புளி.