வற்றுப்பெருக்குப் படத்தில் ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர்கள் கண்காட்சிகளுக்கு வரையும் வற்றுப்பெருக்கு (கடல்நீர் ஏறி இறங்குவது) படங்களிலும் பத்திரிகைகளின் விஞ்ஞானப் பக்கங்களிலும் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. புவியின் இருபுறமும் கடல்நீர் வீங்கி நிற்கும். அந்த வீக்கம் சந்திரனுக்கு நேரே இருக்கும். நாளுக்கு இரண்டு தரம் பெருக்கு வருவதை விளக்க அது போதும். ஆனால் நாள் ஏன் நீளுகிறது, சந்திரன் ஏன் விலகிப் போகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தப் படத்தில் விடை இல்லை. விடை இருப்பது வீக்கம் சற்றுச் சரிந்து நிற்பதில்.

புவி தன்னைத்தானே சுற்ற ஒரு நாள். சந்திரன் புவியைச் சுற்ற 27.3 நாள். வேகமாகச் சுழலும் புவி, உராய்வினால், வீக்கத்தைச் சந்திரனுக்கு முன்னே இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே வடமுனைக்கு மேலிருந்து பார்ப்பதாக வைத்து, புவியின் சுழற்சியையும் சந்திரனின் ஓட்டத்தையும் இடஞ்சுழியாகக் குறித்து, வீக்கத்தின் அச்சை அதே திசையில் முன்தள்ளி வரைய வேண்டும். உண்மையில் அது சுமார் 3 பாகைதான். தாளில் தெரிய 15 பாகை வரைந்து, "பெரிதுபடுத்தியது" என்று அடியில் எழுதிவிடலாம். பிறகு இரு வீக்கங்களிலிருந்தும் சந்திரனை நோக்கி ஒவ்வோர் அம்புக்குறி: கிட்ட உள்ளதற்கு நீளமானது, எட்ட உள்ளதற்குக் குட்டையானது. இந்த வித்தியாசம்தான் புவியின் சுழற்சியைத் தடுக்கும் முறுக்கம். முன்தள்ளிய வீக்கம் சந்திரனையும் முன்னோக்கி இழுக்கிறது. புவி இழக்கும் கோண உந்தம் (சுழற்சியின் உந்தம்) சந்திரனின் ஒழுக்குக்கு, அதாவது சுற்றுப்பாதைக்கு, போய்ச் சேர, ஒழுக்கு பெரிதாகிறது. முன்னே இழுபட்ட சந்திரன் வேகமாக ஓடும் என்று மாணவர்கள் எழுதுவார்கள். இல்லை, பெரிய ஒழுக்கில் அதன் வேகம் குறைகிறது.

பருத்தித்துறையில் சந்திரன் உச்சிக்கு வந்து எவ்வளவு நேரத்தில் பெருக்கு வருகிறது என்று அளந்து இந்த 3 பாகையைச் சரிபார்க்க முடியாது. கண்டங்கள் குறுக்கே நிற்பதால் பெருக்கு அலை ஒவ்வொரு கடலுக்குள்ளும் சுற்றி வருகிறது. ஒவ்வொரு துறைக்கும் அதன் நேரம் வேறு. நம் கரையில் நீர் ஏறி இறங்குவது ஒரு மீற்றரையும் எட்டாது. உலகக் கடல் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்தச் சரிவு மிஞ்சுகிறது.

சந்திரன் விலகுவது ஊகமல்ல. 1969 இல் அப்பலோ 11 சந்திரனில் வைத்துவிட்டு வந்த, ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் தெறிப்பியில் 100 சிலிக்காக் கண்ணாடி மூலைகள் உள்ளன, ஒவ்வொன்றும் 3.8 சென்ரிமீற்றர் விட்டம். லேசர் ஒளி போய்த் திரும்ப எடுக்கும் ஏறத்தாழ 2.5 செக்கனை அளந்து கண்ட விலகலும் ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர். தற்செயல் ஒற்றுமைதான், ஆனால் எண்ணை நினைவில் வைக்க நல்ல வழி.

இந்த 3.8 ஐ அப்படியே கோடிக்கணக்கான ஆண்டுகளால் பெருக்குவது அடுத்த பிழை. முறுக்கம் தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு நேர்மாறு விகிதமானது. தூரம் பாதியானால் முறுக்கம் 64 மடங்கு. இன்றைய உராய்வை மாற்றாமல் இந்த விதிப்படி பின்னோக்கிக் கணித்தால், சுமார் 150 கோடி ஆண்டுகளுக்கு முன்பே சந்திரன் புவியோடு ஒட்டியிருக்க வேண்டும். சந்திரப் பாறைகள் சிலவோ 400 கோடி ஆண்டையும் தாண்டியவை. காரணம், இன்றைய கண்டங்களின் அமைப்பில் அத்திலாந்திக் சமுத்திரம் பெருக்கு அலையோடு பரிவுக்கு (இரண்டும் ஒரே தாளத்தில் ஆடி அலை பெருகும் நிலைக்கு) கிட்ட இருப்பதால், உராய்வு முற்காலத்தைவிட அதிகம்.

நாள் நீளுவது 100 ஆண்டுக்கு 2 மில்லிசெக்கன் அளவில்தான். "அற்பம்" என்று அதைத் தள்ளிவிடக் கூடாது. வித்தியாசம் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். கி.மு. 136 ஏப்ரல் 15 இல் பாபிலோனியர் முழுச் சூரிய கிரகணம் கண்டு களிமண் பலகையில் பதிந்தார்கள். புவி என்றும் இன்றுபோலவே சுழன்றது என்று வைத்துக் கணித்தால், அந்த நிழல் பாபிலோனுக்குச் சுமார் 49 பாகை மேற்கே விழுந்திருக்கும். பாகைக்கு 4 நிமிடம் என்று பார்த்தால் 3 மணித்தியாலத்துக்கும் மேல்.

சந்திரன் சுழல்வதில்லை என்று எழுதுவதும் தவறு. புவி அதன் பாறையில் எழுப்பிய வீக்கம் சுழற்சியைக் குறைத்து, 27.3 நாளில் ஒரு சுழற்சி என்று நிறுத்திவிட்டது. ஒரே முகம் தெரிவது அதனால்தான். புளூட்டோவும் அதன் உபகோளான சரோனும் ஒன்றையொன்று இப்படிப் பூட்டி, 6.4 நாளுக்கு ஒருமுறை சேர்ந்தே சுழல்கின்றன.

கடைசியாக, புவி–சந்திரன் படத்துக்குப் பக்கத்தில் செவ்வாய்–போபோஸ் (செவ்வாயின் உபகோள்) படத்தையும் வரையச் சொல்லுங்கள். செவ்வாய் சுழல 24 மணி 37 நிமிடம். போபோஸ் அதைச் சுற்ற வெறும் 7 மணி 39 நிமிடம். அங்கே வீக்கம் உபகோளுக்குப் பின்னே நிற்கும், முறுக்கத்தின் திசை தலைகீழாகும், போபோஸ் 100 ஆண்டுக்குச் சுமார் 1.8 மீற்றர் செவ்வாயை நெருங்கும். கண்காட்சியில் மதிப்பிடுவோர் நேராக நிற்கும் வீக்கத்துக்குப் புள்ளி போடுமுன், சரிவு எந்தப் பக்கம் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்க வேண்டும்.

பௌதிகவியல் ஆசிரியர்,
கொக்குவில்.