ஆண்டறிக்கை 2025–26: நெட்வொர்க் பூட்டும் இமேஜும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் வட்டாரக் கணினி மையம் நடத்துவோர் சங்கத்தின் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. கோடை விடுமுறை வகுப்புகளால் மே மாதக் கூட்டத்தை மட்டும் ஜூன் கூட்டத்தோடு சேர்த்து நடத்தினோம். சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு சங்கம் எடுத்துச் செய்த பெரிய வேலை ஒன்றுதான். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல அனுமதி கேட்டுக்கொள்கிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிகிறது என்பது ஜூன் கூட்டத்தில் பேச்சாக வந்தது. தட்டச்சு நிலையங்கள், பிரவுசிங் சென்டர்கள், அலுவலகத் தானியக்கத் தேர்வுக்குப் பயிற்சி தரும் மையங்கள் என நம்மிடம் இருப்பவற்றில் பாதிக்கு மேல் பழைய சிஸ்டங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் எட்டாம் தலைமுறை இன்டெல் செயலியும் அவற்றில் கிடையாது. தகுதி உள்ளவற்றுக்கு விண்டோஸ் 11, மற்றவற்றுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் என்று முடிவானது. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் பென்டிரைவ் செருகி ஓஎஸ் போட்டு, பிரின்டர் டிரைவர், தமிழ் 99 விசைப்பலகை, எழுத்துருக்கள், பிரவுசர் என எல்லாம் சேர்த்தால் அரை நாள் போய்விடும். அதனால் சங்கத்துக்குப் பொதுவாக ஒரு சர்வர் வைத்து, ஒரு சிஸ்டத்தை நல்லபடி தயார் செய்து, அதன் இமேஜை, அதாவது வட்டின் முழு நகலை, எடுத்து, நெட்வொர்க் வழியாகவே மற்றவற்றில் இறக்குவது என்று தீர்மானம் போட்டோம்.

சர்வருக்குத் தன் பழைய டெஸ்க்டாப் ஒன்றை நம் உறுப்பினர் ஒருவர் கொடுத்தார். அதில் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டு, இமேஜ் எடுத்து இறக்கும் ஃபாக் என்ற இலவசத் திறமூல மென்பொருளை நிறுவினோம். எட்டு போர்ட் கொண்ட கிகாபிட் சுவிட்ச் ஒன்றும் வாங்கினோம். இந்தச் சர்வர் பெட்டி ஒவ்வொரு மையமாகப் போய்வரும் என்பது ஏற்பாடு.

முதல் மூன்று மாதம் நாம் பட்ட பாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெட்டி போன இடமெல்லாம் ஏதோ ஒன்று நின்றது. நம் பதிவேட்டில் அந்த மூன்று மாதமும் எழுதியிருப்பது பெரும்பாலும் "பூட் ஆகவில்லை" என்ற இரண்டு சொற்கள்தான். அதை வைத்துக்கொண்டு அடுத்தவர் எதுவும் செய்ய முடியவில்லை. கேபிளை மாற்றுவது, சர்வரைத் திரும்ப நிறுவுவது, சிஸ்டம் எழும்போது முதலில் ஓடும் பயாஸின் அமைப்பில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றுவது என்று நாட்கள் போயின. செப்டம்பர் கூட்டத்தில்தான் ஒரு முடிவுக்கு வந்தோம். திரையில் தெரியும் செய்தியை அப்படியே எழுத வேண்டும், எந்தப் படியில் நின்றது என்று எழுத வேண்டும், அதற்கு முன் எதையும் மாற்றக் கூடாது. வேலை சீராக நடக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

நெட்வொர்க் பூட், அதாவது சிஸ்டம் தன் வட்டிலிருந்து அல்லாமல் நெட்வொர்க் வழியாக எழுவது, ஒரே காரியமல்ல, வரிசையாக நடக்கும் பல காரியங்கள். சிஸ்டத்தின் நெட்வொர்க் கார்டு முதலில் முகவரி வழங்கும் சேவையான டிஎச்சிபி வழியாக ஒரு முகவரி கேட்கும். கூடவே எந்த சர்வரிடம் போக வேண்டும், எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்ற இரண்டு விவரங்களும் வர வேண்டும். டிஎச்சிபி அமைப்பில் அவை 66, 67 என்ற எண்களில் இருக்கும். அப்புறம் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை மூலம் அந்தச் சிறிய கோப்பு இறங்கும். அதுதான் ஐபிஎக்ஸ்இ, நெட்வொர்க் வழியாக பூட் செய்யும் சிறு நிரல். அது எழுந்ததும் டிஎச்சிபியிடம் இன்னொரு முறை முகவரி கேட்கும். பிறகு ஃபாக் மெனு வரும், சிறிய லினக்ஸ் ஒன்று ஏறும், சர்வரில் உள்ள இமேஜ் ஃபோல்டர் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு மூலம் இணையும், கடைசியில் பார்ட்குளோன் என்ற நிரல் இமேஜை வட்டில் எழுதும். பழைய பயாஸ் சிஸ்டங்கள் எந்தப் படியில் நின்றோம் என்பதைத் தாமே சொல்லிவிடும். இ61 வந்தால் கேபிள். இ51 வந்தால் டிஎச்சிபியிடமிருந்து பதிலே வரவில்லை. இ53 வந்தால் பதில் வந்தது, கோப்பின் பெயர் வரவில்லை. இ32 வந்தால் பெயரும் வந்தது, டிஎஃப்டிபி பதில் சொல்லவில்லை, அங்கே சர்வரில் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும். பயாஸின் இடத்தில் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறை உள்ள சிஸ்டங்களில் இ51-க்குப் பதிலாக இ16 வரும். இந்த நான்கைந்து எண்களையும் அட்டையில் எழுதிச் சர்வர் பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கிறோம்.

பெட்டியை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் வந்த சிக்கல் நாம் எதிர்பாராதது. ஒவ்வொரு மையத்திலும் இணைய ரூட்டர் வேறு, அது கொடுக்கும் முகவரி வேறு. போன இடத்துக்கு ஏற்பச் சர்வரின் முகவரியை மாற்றினோம். ஆனால் ஃபாக் தன் முகவரியைப் பல இடங்களில் எழுதி வைத்துக்கொள்கிறது: அதன் அமைப்புப் பக்கத்தில், இமேஜ்களை வைக்கும் சேமிப்பு நோடின் விவரத்தில், டிஎஃப்டிபி ஃபோல்டரில் உள்ள ஐபிஎக்ஸ்இ கோப்பில். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் மெனு வரை வந்து அங்கேயே நின்றுவிடும். பல ரூட்டர்களில் 66, 67 போடவே வழியில்லை என்பது இன்னொரு தொல்லை. டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலைப் பிராக்ஸி டிஎச்சிபியாக, அதாவது ரூட்டருக்குத் துணையாக, ஓட்டினால், முகவரியை ரூட்டர் கொடுக்கும், கோப்பின் பெயரை மட்டும் நம் சர்வர் கொடுக்கும். அது நல்ல வழிதான். நாமும் இரண்டு மையங்களில் அப்படிச் செய்தோம். ஆனால் போய்வரும் பெட்டிக்கு எளிமையே நல்லது என்று கண்டோம். இப்போது சர்வருக்கு நிலையான ஒரே முகவரி, அதுவே டிஎச்சிபி, நம் சுவிட்ச் மட்டுமே அதன் உலகம்.

இதில் ஒரு எச்சரிக்கை. நவம்பரில் ஒரு மையத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, "இணையமும் வரட்டுமே" என்று யாரோ ரூட்டர் கேபிளை நம் சுவிட்சில் செருகிவிட்டார்கள். சிறிது நேரத்தில் மாடியில் இருந்த அலுவலகத்தின் சிஸ்டங்கள் நம் பெட்டியிடமிருந்து முகவரி வாங்கிக்கொண்டு இணையம் இல்லாமல் நின்றன. அன்று அவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். இனி சுவிட்சில் ரூட்டர் கேபிள் ஏறவே கூடாது. இது செயற்குழுவின் தீர்மானம்.

பயாஸுக்கும் யுஇஎஃப்ஐக்கும் தர வேண்டிய கோப்புகள் வெவ்வேறு. சிஸ்டம் டிஎச்சிபியிடம் பேசும்போதே 93 என்ற விவரத்தில் தான் எந்த வகை என்று சொல்லிவிடும்: 0 என்றால் பழைய பயாஸ், 7 என்றால் 64 பிட் யுஇஎஃப்ஐ. அதைப் பார்த்துக் கோப்பைத் தரும்படி டிஎச்சிபியில் எழுதியதும், ஒரே அறையில் பழையதும் புதியதும் கலந்திருக்கும் நம் மையங்களின் பிரச்சினை தீர்ந்தது. கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் எழவிடும் செக்யூர் பூட் இயங்கும் சிஸ்டங்கள் நாம் தரும் ஐபிஎக்ஸ்இயை ஏற்காது. வேலை முடியும்வரை அதை அணைத்து வைத்து, விண்டோஸ் இறக்கிய சிஸ்டங்களில் பிறகு மறக்காமல் இயக்குகிறோம். அதே போல் பயாஸ் முறையில் எடுத்த இமேஜை யுஇஎஃப்ஐ சிஸ்டத்தில் இறக்கினால் அது எழாது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனி மாஸ்டர், அதாவது இமேஜ் எடுக்கும் மூல சிஸ்டம்.

நம்மை அதிக நாள் அலைக்கழித்தது ஒரு கல்லூரி ஆய்வகம். விண்டோஸில் இணையம் அருமையாக வருகிறது, நெட்வொர்க் பூட்டில் மட்டும் முகவரி வரவில்லை. சில நேரம் முதல் முறை முகவரி வந்து, ஐபிஎக்ஸ்இ இரண்டாம் முறை கேட்கும்போது வராது. நாங்கள் சர்வரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தோம். காரணம் அவர்களுடைய பெரிய சுவிட்சில் இருந்தது. ஒரு போர்ட்டில் இணைப்பு எழுந்ததும், சுற்றுப்பாதை இருக்கிறதா என்று பார்க்க ஸ்பானிங் ட்ரீ என்ற சுவிட்சின் ஏற்பாடு அந்தப் போர்ட்டை 15 நொடி, 15 நொடி என 30 நொடி நிறுத்தி வைக்கிறது. ஐபிஎக்ஸ்இ கார்டைத் திரும்ப எழுப்பும்போது இணைப்பு ஒரு கணம் விழுந்து எழுகிறது, மறுபடி 30 நொடி. அதற்குள் பொறுமை இழந்து நிறுத்திவிடுகிறது. நம் சிறிய சுவிட்சைச் சிஸ்டத்துக்கும் பெரிய சுவிட்சுக்கும் நடுவில் வைத்ததும் உடனே பூட் ஆனது. பெரிய சுவிட்சின் போர்ட் விழாமலே இருந்ததுதான் காரணம். அந்த ஆய்வகப் பொறுப்பாளர் பிறகு மாணவர் சிஸ்டங்கள் உள்ள போர்ட்களில் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டுவிட்டார். இதைக் கண்டுபிடித்த நம் இளைய உறுப்பினருக்குச் சங்கத்தின் மனமார்ந்த பாராட்டு.

கேபிள் பற்றியும் ஒன்று. ஆறு சிஸ்டங்களுக்கு ஒரே நேரத்தில் மல்டிகாஸ்டில் இறக்கியபோது ஆறுமே ஆமையாக நகர்ந்தன. மல்டிகாஸ்டில் எல்லோரும் மெதுவானவரின் வேகத்துக்குத்தான் நடப்பார்கள். மூலையில் இருந்த ஒன்றின் கேபிளில் பழுப்புக் கம்பி ஜோடி சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். அதனால் அந்த சிஸ்டம் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கியிருந்தது. 18 ஜிபி இமேஜை அந்த வேகத்தில் அனுப்பக் குறைந்தது 24 நிமிடம். கிகாபிட்டில் சில நிமிட வேலை அது.

இமேஜ் எடுக்கும்போது வந்த தடைகளில் பெரும்பாலானவை விண்டோஸ் சரியாக மூடப்படாததால் வந்தவை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டு பூட்டியபடி இருக்கும். ஹைபர்நேஷனை அணைத்து, வட்டைச் சோதித்து, முழுதாக மூடிய பிறகே எடுக்க வேண்டும். புதிய விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பிட்லாக்கர் என்ற வட்டுக் குறியாக்கம் தானாகவே ஏறிவிடுவதும் உண்டு. குறியாக்கம் ஆன வட்டில் எது கோப்பு, எது காலி இடம் என்று பார்ட்குளோனுக்குத் தெரியாது. முதலில் அதை அவிழ்க்க வேண்டும்.

டிசம்பரில் ஒரு இரவு, இமேஜ் நூறு சதவீதம் ஏறி முடிந்து, கடைசியில் கோப்பை நகர்த்தும் எஃப்டிபி சேவையின் பிழை காட்டி நின்றது. மூன்று மணி நேர வேலை போயிற்று என்று எல்லோரும் தளர்ந்துவிட்டோம். உண்மையில் போகவில்லை. ஃபாக் முதலில் டெவ் என்ற துணை ஃபோல்டரில், சிஸ்டத்தின் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் தனி எண்ணை, பெயராக வைத்துச் சேமிக்கிறது. முடிந்ததும்தான் உரிய இடத்துக்கு நகர்த்துகிறது. நகர்த்தும் லினக்ஸ் கணக்கின் கடவுச்சொல்லைப் பாதுகாப்புக்காக நாமே மாற்றியிருந்தோம், ஃபாக்கின் அமைப்பில் பழையதே இருந்தது. இமேஜைக் கையால் நகர்த்தி, கடவுச்சொல்லை இரண்டு இடத்திலும் ஒன்றாக்கினோம்.

இறக்கிய பிறகு நீலத்திரை காட்டிய சிஸ்டங்கள் பெரும்பாலும் பயாஸில் வட்டை அணுகும் முறை மாறியிருந்தவை. மாஸ்டர் ஏஹெச்சிஐ என்ற முறையில், இறங்கிய சிஸ்டம் ரெய்டு என்ற முறையில். அப்படி மாறியதற்குக் காரணம் தேடினால், பல பழைய சிஸ்டங்களில் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. மின்சாரம் போனதும் தேதி, பூட் வரிசை, வட்டு முறை எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். ஒரு சிறிய பேட்டரிக்காக எத்தனை மாலைகளை இழந்தோம் என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. இனி எந்த மையத்துக்குப் போனாலும் முதல் வேலை தேதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது.

இந்த அறிக்கையில் நான் மிகவும் கவலையோடு சொல்ல வேண்டியது தொழில்நுட்பப் பிழை அல்ல. ஆகஸ்டில், வாடிக்கையாளர் பயன்படுத்திக்கொண்டிருந்த சிஸ்டம் ஒன்றையே மாஸ்டராக வைத்து இமேஜ் எடுத்தோம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் யார் யாருடையவோ ஆதார் நகல்கள், மதிப்பெண் சான்றிதழ்கள், வங்கிப் பாஸ்புத்தகப் படங்கள் இருந்தன. அத்தனையும் பதினான்கு சிஸ்டங்களில் இறங்கிவிட்டன. மறுநாள் காலையில் பார்த்து, வாடிக்கையாளர் யாரும் உட்காரும் முன்பே பதினான்கையும் அழித்து, அந்த இமேஜையும் அழித்தோம். நம்மை நம்பிப் பென்டிரைவைக் கொடுக்கிற ஒரு தாத்தாவின் ஆதார் நகல் வேறொரு திரையில் கிடப்பது நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. அன்றிலிருந்து மாஸ்டர் என்பது புதிதாக ஓஎஸ் போட்ட, ஒரு வாடிக்கையாளர்கூடத் தொடாத சிஸ்டம் மட்டுமே. விண்டோஸாக இருந்தால் சிஸ்பிரெப் என்ற கருவியால் அந்தச் சிஸ்டத்துக்கே உரிய அடையாளங்களை நீக்கிப் பொதுமைப்படுத்திய பிறகே இமேஜ். சிஸ்டத்தோடு வந்த ஓஇஎம் உரிமம் இப்படி இமேஜ் இறக்க அனுமதிப்பதில்லை, பல சிஸ்டங்களுக்கு மொத்தமாக வாங்கும் வால்யூம் உரிமம் வேண்டும் என்பதையும் உறுப்பினர்கள் மனதில் கொள்ள வேண்டும். வால்யூம் உரிமம் இல்லாத மையங்களில் விண்டோஸ் 11-ஐ ஒவ்வொன்றாகத்தான் போட்டோம். லினக்ஸுக்கு அந்தத் தடை இல்லை.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு கேட்பவை: கேபிள் சோதனைக் கருவி ஒன்று, பேட்டரிகள் ஒரு பெட்டி, மாஸ்டர் இமேஜ்களுக்கு இரண்டாம் நகல் வைக்க ஒரு வெளிவட்டு. சர்வரில் இருக்கும் ஒரே வட்டை நம்பி இத்தனை உழைப்பையும் வைத்திருப்பது சரியல்ல. வெளிவட்டை முதலில் வாங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இன்னும் முறை வராத ஏழு மையங்களுக்கும் ஜூன் மாதத்துக்குள் பெட்டி வந்து சேரும்.

சர்வரைத் தந்த உறுப்பினருக்கும், தன் டெம்போவில் பெட்டியைக் கட்டணமின்றி ஏற்றி இறக்கிய அண்ணனுக்கும், இரவு வேலைகளில் எங்களுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பிய உறுப்பினர்களின் வீட்டாருக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம்.

செயலாளர்